பின்வாசலில் பேசிய கதாநாயகி

கேளுங்கள் கண்ணுகளா. அண்ணன் படம் எடுத்தான், தங்கை அதற்கு ஒலி சேர்த்தாள். இருவருக்கும் அதுதான் முதல் படம். மாலையில் காட்சி, மதியம் காலி அரங்கில் ஓட்டிப் பார்த்தார்கள். கதாநாயகி திரையில் வாயசைத்தாள், குரலோ கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து வந்தது. மழைச் சத்தம் மட்டும் திரை நடுவிலிருந்து கொட்டியது.

"ஏண்டி, என் கதாநாயகி எப்போ பின்வாசலுக்குப் போனா?"

"கத்தாதேண்ணே. குரல், மழைன்னு ஒலியை ஆறு தடமாப் பிரிச்சு வெச்சேன், எந்தத் தடம் எந்த ஸ்பீக்கருக்குன்னு கோப்புல குறிக்காம விட்டுட்டேன். இந்த அரங்கத்துக் கருவி தனக்குப் பழகின வரிசையில பிரிச்சுக் குடுத்திருக்கு. வீட்டுல என் வரிசை எனக்கு மனப்பாடமாச்சே!"

"உன் மனப்பாடம் அரங்குக்குத் தெரிய வேணாமா?"

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். ஒலியைத் தொடவே இல்லை. கோப்பின் முகப்பில் குரல் உள்ள ஐந்தாம் தடம் நடு, மழை உள்ள மூன்றாம் தடம் பின் இடது என்று ஆறு தடங்களுக்கும் இடம் எழுதிச் சேர்த்தாள். மறுபடி ஓட்டினார்கள். கதாநாயகி தன் வாயாலேயே பேசினாள். மழை அவர்களைச் சுற்றிப் பெய்தது.

அண்ணன் எழுந்துபோய்ப் பின்வாசலைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே தேடுற?"

"அவ நிஜமாவே கிளம்பிட்டாளான்னு பாக்குறேன்."