புதன் யாருக்கு?

அந்த வருஷம் நாலு வீடுகளுக்கு மட்டும் புதன்கிழமை வரவில்லை. செவ்வாய் இரவு படுத்தவர்கள் வியாழன் காலையில் எழுந்தார்கள். ஊரில் மற்ற எல்லோருக்கும் புதன் வழக்கம்போலத்தான் வந்தது. தக்காளி விலை கொஞ்சம் ஏறியது, மத்தியானம் லேசாகத் தூறியது, சாயங்காலம் பேசாமல் கிளம்பிப் போனது. இந்த நாலு வீட்டுப் பக்கம் மட்டும் அது தலையே காட்டவில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம். யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிற பெற்றோர், ஒருவருக்கொருவர் கைகொடுக்க ஒரு குழு வைத்திருந்தார்கள். படிப்பு வருஷம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் கூடுவார்கள். எல்லோரும் உட்கார நாற்காலி இருந்த இடம் அது ஒன்றுதான். சுவரில் ஆளுயரக் கடைவாய்ப் பல் படம் ஒன்று அவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். டாக்டரம்மா, கணக்கர், எலக்ட்ரீஷியன், தையல்கார அம்மா என்று நாலு பேர். ஆளுக்கு ஒரு நாள், மிஞ்சுகிற ஐந்தாவதை யாராவது ஒருவர் என்று எடுத்துக்கொண்டு, அன்று எல்லாப் பிள்ளைகளையும் தம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. பள்ளிக்கூட வாசனையே கூடாது என்பதுதான் அவர்களுடைய ஒரே சட்டம். மணி கூடாது, ரேங்க் கூடாது, அட்டவணை கூடவே கூடாது. அதனால் எந்த நாள் யாருக்கு என்பதை எழுதி வைக்க மாட்டார்கள். வாயால் கேட்டு வாயால் வாங்கிக்கொள்வார்கள்.

தையல்கார அம்மாவுக்கு இந்தச் சட்டம் உயிர். அவளுடைய மகளை எல்லோரும் வாலு என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வாலு கேள்வி மேல் கேள்வி கேட்டாள் என்று தினமும் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். கொஞ்ச நாளில் அவள் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள். வீட்டில், சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்கே தையல்கார அம்மா அவளைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். ஆனால் பிழைப்பு என்னவோ பள்ளிச் சீருடை தைப்பதுதான். ஊர்ப் பிள்ளைகளின் அரை டிரவுசர்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் வாலு பெருக்கல் வாய்ப்பாடு படித்தாள்.

அந்த ஞாயிறு டாக்டரம்மா ஒவ்வொரு நாளாகக் கேட்டார். திங்கள் தையல்கார அம்மாவுக்கு. செவ்வாய் கணக்கருக்கு. “புதன்?” என்றார். நாலு பேரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் தலை ஆடியதைப் பார்த்து, சரி, அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று ஆமோதித்துத்தான் ஆட்டினார்கள். டாக்டரம்மா உட்பட. வியாழன் எலக்ட்ரீஷியனுக்கு, வெள்ளி டாக்டரம்மாவுக்கு. பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

தையல்கார அம்மாவின் கணவர் பஸ் டிரைவர். பிள்ளை எழுவதற்கு முன்னால் போய், அவள் தூங்கிய பிறகு திரும்புகிற டியூட்டி. வாரத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாள் புதன். அன்றைக்கு அவர்தான் வாலுவுக்குத் தலை பின்னுவார். பின்னல் காதுக்குப் பக்கத்தில் தொடங்கித் தோள்பட்டைக்குப் பின்னால் எங்கேயோ முடியும். வாலு அதை அவிழ்க்கவே விடமாட்டாள். முதல் புதன் காலையில் அவர் எழுந்தபோது மனைவியும் இல்லை, மகளும் இல்லை. கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தார், மாடித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தார், மாமியார் வீட்டுக்குப் போன் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார், வாசலில் கிடந்த பாலைக்கூட எடுக்காமல் இரவு வரை ஊரெல்லாம் தேடி அலைந்தார். மறுநாள் விடியற்காலை இரண்டு பேரும் அதே படுக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நேத்து முழுக்க எங்க போயிருந்தே?” என்று மனைவியை உலுக்கினார்.

“எங்க போனேன்? மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்ல. நீங்க வந்து சாப்பிட்டுப் படுத்தீங்களே!”

“அது முந்தாநேத்து. நேத்து புதன்.”

“நேத்து செவ்வாய்ங்க. இதே தூக்கக் கலக்கத்துல பஸ்ஸை எடுத்துடாதீங்க, ஏறுறவங்க பாவம்.”

வாசலில் இரண்டு பால் பாக்கெட் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அவள் வாயை மூடினாள். ஒன்று புளித்திருந்தது. சீருடை வாங்க வந்தவர்கள், “நேத்து வந்தேன், தட்டித் தட்டிக் கை வலிச்சுதும்மா” என்றார்கள். கணக்கர் வீட்டிலும் டாக்டரம்மா வீட்டிலும் அதே கதை. எலக்ட்ரீஷியன் விஷயத்தில் மட்டும் யாரும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவில்லை. “புதன்கிழமை கண்டிப்பா வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது அவருக்குப் பல வருஷப் பழக்கம். குழுவில் சேராதவர்களுக்குப் புதன் தடையில்லாமல் கிடைத்தது. கணக்கரின் மனைவி வாரத்தில் ஒரு நாள் வீட்டில் தனியாக, நிம்மதியாக, காலை நீட்டிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். தனக்கு எதுவும் தெரிந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

குழு சும்மா இருக்கவில்லை. கணக்கர், “நான் எடுத்துக்கறேன், எனக்கென்ன” என்று பெருந்தன்மையாக அறிவித்துவிட்டு, செவ்வாய் இரவு கண் மூடாமல் உட்கார்ந்து பார்த்தார். ஒரு கொட்டாவிக்குத் திறந்த வாயை மூடுவதற்குள் வியாழன் விடிந்துவிட்டது. கையில் இல்லாத நாளை எப்படி எடுத்துக்கொள்வது? புதன் உள்ள ஒருவர் வந்து, எல்லோர் முன்னாலும் கேட்டு வாங்கினால்தான் உண்டு. அதுவும் வருஷத் தொடக்கக் கூட்டத்தில்தான் செல்லும் என்றார் டாக்டரம்மா. அவர் வைத்த சட்டமில்லை, நாட்கள் அப்படித்தான் நடந்துகொண்டன.

ஆகவே அந்த வருஷம் அப்படியே ஓடியது. வாலுவின் முன்பல் விழுந்து முளைத்தது. அவள் சைக்கிள் கற்றாள், முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள், ஆறிய பொருக்கைப் பிய்த்துப் போட்டாள். டிரைவர் இதையெல்லாம் தூங்குகிற பிள்ளையின் மேல் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். புதன்கிழமைகளில் காலி வீட்டில் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார். பழக்கத்தில் சீப்பைக் கையில் எடுத்து, பிறகு வைத்துவிடுவார்.

ஒரு சாயங்காலம் பஸ் பழுதாகி அவர் வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்தார். வாலு கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள். “அம்மா, யூனிபார்ம் வாங்க யாரோ அங்கிள் வந்திருக்காங்க” என்று உள்ளே குரல் கொடுத்தாள். அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஐயோ, அப்பா!” என்று இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவரும் சிரித்தார். ஆனால் குழாயடிக்குப் போய் முகம் கழுவியவர் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். தையல்கார அம்மா மிஷினை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இந்தத் தடவை கூட்டத்துக்கு நீங்க வந்து புதனை வாங்கிடுங்க” என்றாள்.

“நான் வாங்கி? பாதிப் படிப்புல புத்தகத்தைத் தூக்கிப் போட்டவன். பசங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தருவேன், ஹாரன் அடிக்கவா? அங்க இருக்கறதெல்லாம் டாக்டரு, கணக்கரு.”

“எலக்ட்ரீஷியனும் இருக்காரே.”

“அவரு கரண்ட்டைப் பத்தியாச்சும் பேசுவாரு. விடும்மா. ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி வேற.”

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் மனுஷன் இன்னும் குறுகிப்போவார் என்று தெரியும்.

புது வருஷத்துக் கூட்டத்தில் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நாலும் சட்டென்று முடிந்தன. “புதன்” என்று டாக்டரம்மா சொன்னதும் நாலு பேரும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார்கள். யாருடைய தலையும் தப்பித் தவறிக்கூட ஆடவில்லை. கணக்கர் தன் மனைவியிடம் கேட்டுப் பார்த்ததாகவும், அந்தம்மாவுக்கு அன்றைக்குத்தான் முக்கியமான வேலை இருக்கிறதாம் என்றும் சொன்னார். அப்புறம் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கும் சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. பள்ளிக்கூடத்துல புதன் இருக்கு. பிள்ளைகளைச் சேர்த்துட்டா, வாரமாச்சும் முழுசாக் கிடைக்கும்.”

எலக்ட்ரீஷியன் தரையைப் பார்த்தார். கணக்கர் இருமினார். தையல்கார அம்மாவுக்கு வகுப்புக்கு வெளியே சுவரோரமாக நின்ற மகள் கண்ணுக்குள் வந்தாள். குழாயடியில் நின்ற கணவரும் வந்தார். ஒருத்திக்குக் கேள்வி, ஒருவருக்கு மகள். எதையாவது ஒன்றை விட்டால்தான் இன்னொன்று. அவள் உதடு பிரிந்தது. சரி என்று சொல்லத்தான் பிரிந்தது.

அப்போது வாசலில் ஹாரன் அலறியது.

அந்தச் சந்துக்குள் பஸ் வந்ததே கிடையாது. இரண்டு பக்கச் சுவரையும் உரசாமல் ஒரு முழுப் பஸ், ஆட்களோடு, கிளினிக் படிக்கட்டில் மூக்கை வைத்தபடி நின்றது. டிரைவர் காக்கிச் சட்டையில் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். கடைவாய்ப் பல் படத்தைப் பார்த்து ஒரு கணம் மிரண்டார். “புதன் எனக்கு” என்றார்.

“என்ன பாடம் எடுப்பீங்க?” டாக்டரம்மா அன்பாகத்தான் கேட்டார்.

“தெரியாதுங்க. அன்னிக்கு எனக்கு லீவு. வீட்ல இருப்பேன். கேட்டா பதில் சொல்லுவேன். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுவேன்.”

“அந்தப் பாடத்தை எங்க யாருக்கும் எடுக்கத் தெரியாது” என்றார் எலக்ட்ரீஷியன். டாக்டரம்மா இன்னும் யோசித்தார். ஜன்னல் வழியாகப் பெட்டியும் கையுமாக ஒரு பயணி தலையை நீட்டினார். “அம்மா தாயே, புதனை அவருக்கே குடுத்துத் தொலைங்க! ஸ்டேஷனுக்கு நேரா போற வண்டின்னு ஏறினேன், எனக்கு ரயில் போயிடும்!” பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லோரும், “குடுங்க, குடுங்க” என்றார்கள். இந்தத் தடவை தலையாட்டல் செல்லாது என்று டாக்டரம்மா ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். நாலு பேரும் சொன்னார்கள். தையல்கார அம்மா, “புதன் உங்களுக்குத்தாங்க” என்றாள். தடம் மாறிப் போனதற்காக டிரைவருக்கு மேலிடத்தில் நல்ல திட்டு கிடைத்தது. அந்தப் பயணி ரயிலைப் பிடித்தாரா என்று தெரியவில்லை.

அந்த வாரம் நாலு வீட்டுக்கும் புதன் வந்தது. பிள்ளைகள் டிரைவர் வீட்டில் கூடி, பாம்புக்குக் காது உண்டா, பெட்ரோல் ஏன் நாறுகிறது, அரசாங்கம் தூங்குமா என்று கேட்டார்கள். பெரும்பாலானவற்றுக்கு அவர் தெரியல என்றார். தெரிந்துகொள்ள எல்லோருமாகக் கிளம்பிப் போனார்கள். டிரைவர் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. இரவு படுத்து எழுந்தால் வியாழன் வரவில்லை, மறுபடியும் புதன். போன வருஷம் வராமல் போன புதன்கள் வாரத்துக்கு ஒன்றாக, அந்த நாலு வீட்டுக்கு மட்டும், சேர்ந்தாற்போல வரத் தொடங்கியிருந்தன. டிரைவர் தன் பங்குப் புதன்களை ஏற்கெனவே தனியாகச் செலவழித்திருந்தார் என்றாலும் அவருக்கும் இரண்டாவது தடவை கிடைத்தது. குழுவில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த இரண்டாம் புதன்களில் ஊரில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். கடைகள் பூட்டியிருக்கும், பெரிய சாலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெறிச்சென்று கிடக்கும். காக்கை மட்டும் உண்டு. சீருடை கேட்டு யாரும் கதவைத் தட்டாததால் தையல்கார அம்மாவும் மிஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினாள். வாலு, காதிலிருந்து தோளுக்குக் கோணலாகப் போன பின்னலோடு, அப்பாவின் கையைப் பிடித்து நடுரோட்டில் நடந்தாள். நாற்சந்தியில் விளக்கு சிவப்பானது. டிரைவர் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார்.

“அப்பா, ஒரு வண்டி கூட வரலையே. எதுக்கு நிக்கறோம்?”

“பச்சை வரட்டும். இப்ப என்ன அவசரம்?”

தையல்கார அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடைபாதை ஓரத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள். வாலு அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள்.