சௌடேஸ்வரி அனுப்பிய அழைப்பு

பன்னிரண்டு நூல் கோனுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து வாசலில் வரிசையாகக் காயவைத்திருந்தான் கணேஷ்குமார். நூல் தீர்ந்ததும் தறிக்காரர்கள் மூலையில் வீசுகிற அட்டைக் கூம்புகள்தான். ஓரத்தில் ரப்பர் கயிறு கோத்துவிட்டால் பிள்ளைகள் தலையில் தொப்பியாக நிற்கும். பக்கத்து வீட்டுத் தறிக்காரன் அப்பய்யா நின்று பார்த்தான்.

“ஏலே, தறிய வித்துட்டு சர்க்கஸ்ல சேரப் போறியா?”

“லிகிதாவுக்குப் பிறந்தநாளுடா. மந்திரவாதிப் பிறந்தநாளு வேணுமாம். ஆளுக்கொரு தொப்பி, ஆளுக்கொரு மந்திரக் குச்சி.”

“குச்சிக்கு எங்க போவ?”

“பந்தல்குடி ரோட்டுல கருவேலங்குச்சிக்கா பஞ்சம்? தோலை உரிச்சா வெள்ளை வெளேர்னு இருக்கு. முள்ளுதான் கையக் கிழிச்சிருச்சு.”

“வருசம் திரும்பல. அதுக்குள்ள மந்திரவாதியக் கூப்பிடுறான் பாரு” என்று வாய்விட்டவன், சொன்னதை உடனே விழுங்கப் பார்த்தான். சொல் வெளியே வந்துவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

மனைவி சௌடேஸ்வரி போய் ஏழு மாதம். ஐந்து நாள் காய்ச்சல், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். மந்திரவாதிப் பிறந்தநாள் அவள் மகளுக்குக் கொடுத்த வாக்கு. அவளுடைய போனில் பட்டியலே எழுதி வைத்திருந்தாள்: கோன் தொப்பி, குச்சி, பச்சை சர்பத், ரப்பர் பல்லி இரண்டு, வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர். கீழே அழைப்பும் எழுதி முடித்திருந்தாள். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

அந்தப் போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்துவந்தான். கேட்டவர்களிடம், கேஸ் புக் பண்ணுகிற நம்பர் அதுதான் என்று சொன்னான். உண்மையான காரணம் வேறு. நர்கிஸ்.

நர்கிஸ் சௌடேஸ்வரியின் தோழி. வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில் வேலை பார்த்தார். அவள் மகள் ஹஸ்னாவும் லிகிதாவும் மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். சௌடேஸ்வரி இறந்த பதினேழாம் நாள் அவளுடைய நம்பருக்கு நர்கிஸிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘சௌடி, இன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு, வரல. அவுக போன் பண்ணி ஒம்பது நாளாச்சு. யார்கிட்ட சொல்லுவேன்.’ செத்தவளிடம்தான் பேசுகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. மூடி வைத்திருக்க வேண்டும். மூடவில்லை. அதன்பின் வந்த எல்லாவற்றையும் படித்தான்.

‘உன் மக தலைய உன் வீட்டுக்காரரு கயிறு திரிக்கிற மாதிரி பின்னி அனுப்புறாரு. ஸ்கூல் வாசல்ல வச்சு நான் அவுத்துக் கட்டுறேன்.’ ‘லிகிதா சாப்பாட்டக் கீழ கொட்டுறா சௌடி, ஒரே உப்பாம்.’ மறுநாள் அவன் உப்பைக் குறைத்தான். ‘வெள்ளிக்கிழமை கலர் டிரஸ் போடணும், அவருக்குத் தெரியுமோ என்னமோ’ என்று வந்தால் வெள்ளிக்கிழமை லிகிதா கலர் டிரஸ்ஸில் போனாள். இன்னொருத்திக்கு எழுதிய கடிதங்களைத் திருடிப் படித்துத்தான் ஏழு மாதமாகப் பிள்ளை வளர்த்தான். ஒரு நாளும் நர்கிஸிடம் வாய் திறக்கவில்லை. தெருவில் அவளைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை காலையில்தான் அந்தத் தவறு நடந்தது. வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார்களுக்கு வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டு. சௌடேஸ்வரியின் நம்பர் அதில் இருந்தது, அவனுடையது இல்லை. அவனாக எழுதினால் இவ்வளவு அழகாக வராது என்று நினைத்தான். அவள் எழுதியதை அப்படியே எடுத்து, தேதியைச் சேர்த்து அனுப்பினான்.

‘மாயாவிகளே! ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வீட்டுக்கு வாங்க. காணாமப் போனது திரும்பி வரும். செத்தது எந்திரிச்சு ஓடும். பயப்படுறவுக அம்மா கையப் புடிச்சுக்கிட்டு வாங்க. நான் வாசல்ல நிப்பேன். சௌடி.’

பக்கத்தில், திருச்சுழிக் கோவில் வாசலில் பச்சைச் சேலையில் சிரிக்கிற அவள் படம்.

தறியில் இரண்டு முழம் ஓடியிருக்கும். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தான். இரண்டு பேர் குரூப்பை விட்டு வெளியேறியிருந்தார்கள். மாரீஸ்வரி என்ற பெண்ணின் குரல் செய்தி: “யாருங்க இது? எங்க அத்தை பாத்துட்டு கை கால் நடுங்கி உக்காந்துட்டாக. விளையாட்டுக்கும் ஒரு அளவு வேணாமா?” செத்தவள் பேரில் அழைப்புப் போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. நான்தான், லிகிதா அப்பா என்று எழுத ஆரம்பித்தான். முடிப்பதற்குள் குரூப்பை நடத்துகிற ஸ்ரீமதி அந்த நம்பரை நீக்கிவிட்டாள். ஏழு மாதமாகச் செய்யத் துணியாததை இன்று செய்தாள்.

நர்கிஸிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

“எல்லாரும் வாராங்களா நைனா?” என்றாள் சாயங்காலம் லிகிதா, கோன்களில் ஜரிகைத் தாள் நட்சத்திரம் ஒட்டியபடி.

“வாராக” என்றான்.

சனிக்கிழமை தறியை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போனான். ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தை: நான்தான் அனுப்பினேன், தப்பாகப் போச்சு, பிள்ளையை அனுப்புங்கள். ஸ்ரீமதி, “உங்க நம்பர்ல அனுப்பியிருக்கக் கூடாதாண்ணே? ராத்திரி பூரா தூங்கல” என்றாள். மாரீஸ்வரி வீட்டில் கதவு பாதிதான் திறந்தது. பத்து வீடு முடிந்தது. பதினோராவது நர்கிஸ் வீடு.

நர்கிஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவன் நிலைப்படியைப் பார்த்தே பேசினான்.

“நான்தாம்மா அனுப்புனேன்.”

“தெரியும்ணே. அந்த எழுத்து அவளோடது. அனுப்புனது நீங்க.”

“இன்னொன்னும்...”

“அதுவும் தெரியும். படிச்சா நீல டிக் விழுகுதே. உப்புன்னு எழுதுன மறுநாளே உப்பு சரியாப் போச்சு. செத்தவளா வந்து சமைச்சா?”

நர்கிஸ் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

“அவுக போன் பண்ணலன்னு எழுதுனேனே, அதையும் படிச்சீகளா?”

தலையை மட்டும் அசைத்தான்.

“நீங்க படிக்கிறீகன்னு தெரிஞ்சதுல இருந்து பிள்ளை சங்கதி மட்டுந்தான் எழுதுறேன். தலை பின்னணும், டிரஸ் போடணும்னு. உங்களுக்காகத்தான். என் சங்கதியச் சொல்ல எனக்கிருந்தது அந்த ஒரு இடம். அதையும் எடுத்துக்கிட்டீக. ‘படிச்சேம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்ல ஏழு மாசம் பத்தலையாண்ணே?”

வீட்டுக்குள்ளிருந்து ஹஸ்னா, “ம்மா, நாளைக்குப் போறோமா?” என்று கத்தினாள். நர்கிஸ் உள்ளே நகர்ந்தாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். படீரென்று அடைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஞாயிறு ஐந்தரைக்கே கணேஷ்குமார் வாசலில் வந்து நின்றான், தலையில் கறுப்புக் கோனோடு. வாசலில் நிற்பேன் என்று அழைப்பில் எழுதியிருந்ததே. யாராவது நிற்க வேண்டும். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பாவு நூல் ஏற்றிய டிவிஎஸ்ஸில் வந்த ஒருவர் வண்டியை மெதுவாக்கி, என்னவோ கேட்க வந்து, கேட்காமல் போனார். கழற்றிவிடலாம் என்று கை இரண்டு முறை மேலே போனது. உள்ளே லிகிதா ரப்பர் பல்லியின் கழுத்தில் நூல் கட்டிக்கொண்டிருந்தாள். கை இறங்கியது.

ஆறு மணி. யாரும் வரவில்லை. ஆறு பத்துக்கு அப்பய்யா தன் மகன் ஹரீஷை இழுத்துக்கொண்டு வந்தான். அவன் ஆறாவது படிக்கிறவன், பட்டியலிலேயே இல்லை. “எங்கடா என் தொப்பி?” என்று கேட்டு அப்பய்யா தானும் ஒன்றை மாட்டிக்கொண்டான். அப்புறம் ஸ்ரீமதியின் மகன் வந்தான். ஸ்ரீமதி தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் இன்னும் இரண்டு பிள்ளைகள்.

ஆறரைக்கு ஹஸ்னா ஓடி வந்தாள். பின்னால் நர்கிஸ். அவன் தலையில் இருந்த கோனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய் லிகிதாவின் தொப்பியைக் கழற்றி, கோணலாகத் தொங்கிய சடையை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள்.

“இங்க வாங்கண்ணே.”

போனான்.

“ஒளிஞ்சு படிச்சது போதும். நேர்ல பாத்துக்கங்க. ஒரு தடவைதான் காட்டுவேன்.”

எல்லாருக்கும் முன்னால் மகளுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். தறியில் அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிற விரல்கள் மூன்று காலாகப் பிரித்த முடிக்குத் தடுமாறின. “இழுக்காதீக, அது தறிப் பாவு இல்ல” என்றாள் நர்கிஸ். அப்பய்யா வாயைப் பொத்திக்கொண்டான். ரப்பர் பல்லி நூலில் இழுபட்டு ஓட, பிள்ளைகள் வீறிட்டார்கள்.

போகும்போது நர்கிஸ் வாசலில் நின்றாள்.

“அந்த நம்பரை விட்டுறாதீக. ரீசார்ஜ் பண்ணுங்க. ஆனா படிக்காதீக.”

“சரிம்மா.”

“பிள்ளை விஷயம்னா இனிமே உங்க நம்பருக்கே சொல்றேன். திட்டியும் சொல்லுவேன்.”

“சொல்லும்மா.”

திங்கள்கிழமை காலையில் லிகிதாவுக்குச் சடை போட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது சடை பாதியில் இருந்தபோது அலமாரிக்குள், சேலைகளுக்கு நடுவில், போன் ஒருமுறை அதிர்ந்தது. கை நின்றது.

“யாரு நைனா?”

“அம்மாவுக்கு” என்றான்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதிர்ந்தது, இம்முறை நீளமாக, ஒன்றன்பின் ஒன்றாக. நிறைய எழுதுகிறாள் போல. நர்கிஸின் போனில் எல்லா டிக்கும் சாம்பலாகவே நிற்கும். அவன் ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு சடையின் மூன்றாவது காலைத் தேடி எடுத்தான்.