பாஸானால் என்று அவள் சொல்லவில்லை

சசிதரன் கணக்கில் தேறிவிட்டான்! பள்ளியில் எக்ஸைப் பார்த்தாலே வியர்த்துக் கொட்டிய பயல், இருபத்தாறு வயதில், மலேசியாவின் பீடோங் ஊரில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வின் கணக்குத் தாளை மறுபடி எழுதி, எப்படியோ கரையேறிவிட்டான். சமன்பாட்டில் இந்தப் பக்கம் கழித்தால் அந்தப் பக்கமும் கழிக்க வேண்டும் என்பதையெல்லாம் எண்ணெய்க் கையோடுதான் படித்தான்.

எல்லாம் ரூபினிக்காக. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் ஒருநாள் பாசார் சந்தையில், "நீ கணக்குல பாஸாகலன்னா, சத்தியமா உன்னைக் கட்டிக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். பாஸானால் கல்யாணம் என்று அவன் தன் அம்மா காளியம்மாவிடம் சொன்னான். காளியம்மா தோட்டக் குடியிருப்பு முழுக்கச் சொன்னாள். முடிவு வந்த காலையிலேயே பந்தலுக்கும் ஆள் பார்த்துவிட்டாள்.

சசி லட்டுப் பெட்டியோடு ரூபினி வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தான். வாசலுக்கு வந்த ரூபினி ஒரு லட்டை எடுத்துக் கடித்தாள்.

"பாஸாயிட்டேன் ரூபி! அப்போ கல்யாணம்தானே?"

"யார் சொன்னா?"

"நீதானே சொன்னே!"

"பாஸாகலன்னா கட்டிக்க மாட்டேன்னு சொன்னேன். பாஸானா கட்டிக்கிறேன்னு சொன்னேனா? டிக்கெட் இல்லன்னா பஸ்ல ஏற முடியாது. டிக்கெட் இருந்தா ஏறியே ஆகணுமா லா?"

சசிக்குக் காது சூடேறியது. பரீட்சையிலும் இதே மாதிரி ஒரு கேள்வி வந்திருந்தது. அதைத் தப்பாகத்தான் எழுதியிருந்தான். இவள் இல்லையென்றால் இந்தப் பாஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அழுகை முட்டியது. அவள் வாயோரத்து லட்டுத் துகளைப் பார்த்தால் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"அப்போ கட்டிக்குவியா மாட்டியா? நான் எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

"கேட்டாத்தானே தெரியும்? நீ இன்னும் என்கிட்ட கேக்கவே இல்லையே."

அடப்பாவி! அம்மாவிடம் சொன்னான், பட்டறையில் சொன்னான், ஊருக்கே தெரியும். இவளிடம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டான். "ரூபினி, என்னைக் கட்டிக்கிறியா?"

"கட்டிக்கிறேன்."

சசிக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகுதான் சந்தேகம் வந்தது. "ஃபெயிலாயிருந்தா?"

"மாட்டேன். சொன்னது சொன்னதுதான்." அவள் அடுத்த லட்டை எடுத்தாள். "ஆனா அன்னைக்குப் பாசார்ல இப்ப கேப்ப, இப்ப கேப்பன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீ ஸ்கூல்ல கணக்கு ஃபெயிலான கதையையே பேசிக்கிட்டு இருந்தே. கடுப்புல அப்படிச் சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடி கேட்டிருந்தீன்னா, பரீட்சையே இல்லாம கட்டியிருப்பேன்."