வாசலில் நுழையாத அலமாரி

கல்லூரி முழுக்க அவனை முழுநீளம் என்றுதான் கூப்பிடும். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. பத்து நிமிட நாடகப் போட்டிக்கு இரண்டு வருடமாகப் பன்னிரண்டு நிமிட நாடகம் எழுதிக் கொடுத்துச் சம்பாதித்த பட்டம் அது.

போட்டிக்கு ஒரே ஒரு சட்டம். பத்து நிமிடம் ஆனதும் அரங்கத்தின் விளக்குக்காரர் மேடை விளக்கை அணைத்துவிடுவார். மேடையில் யார் என்ன நிலைமையில் இருக்கிறார்கள் என்பது அவருடைய இலாகா இல்லை. முதல் வருடம் முழுநீளத்தின் கதாநாயகன் சாவதற்காக நெஞ்சில் கையை வைத்தான், விளக்கு போயிற்று. பார்த்தவர்களில் பாதிப் பேர் அவன் பிழைத்துக்கொண்டான் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்கள். இரண்டாம் வருடம் துப்பறியும் அதிகாரி "கொலைகாரன் வேறு யாருமல்ல" என்று விரலை நீட்டினார், விளக்கு போயிற்று. அந்தக் கொலைகாரன் இன்றுவரை வெளியில்தான் திரிகிறான்.

மூன்றாம் வருடம் நாடக மன்றத்தின் செயலாளர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, தீர்ப்பையும் சொன்னாள். இந்த முறையும் நாடகம் முடிவதற்குள் விளக்கு போனால் அடுத்த வருடத்திலிருந்து அவன் எழுத வேண்டாம். திரைக்கயிறு இழுக்கலாம். அதற்கும் ஆள் தேவைப்படுகிறது.

முழுநீளம் அசரவில்லை. அவனிடம் அலமாரி நாடகம் இருந்தது.

கதை இவ்வளவுதான். வீட்டைக் காலி செய்ய வந்த அண்ணனும் தங்கையும் ஒரு மர அலமாரியைத் தூக்கி வெளியே கொண்டுபோகப் பார்க்கிறார்கள். அலமாரி வாசலில் நுழையவில்லை. இப்படித் திருப்பு, அப்படிச் சாய் என்று சண்டை தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் சண்டை அலமாரியைப் பற்றியது இல்லை என்று தெரிந்துவிடுகிறது: அம்மா இனி யார் வீட்டில் இருப்பாள் என்பதுதான் விஷயம். அந்த அம்மா, மடியில் துணிப்பையோடு, மேடையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் எழுந்து இரண்டு நிமிடம் பேசுகிறாள்.

அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் முழுநீளம் முன்னால் உள்ள எட்டு நிமிடத்தையும் எழுதியிருந்தான். அம்மாவாக நடிக்க மைக் என்ற பெண்ணைப் பிடித்ததும் அதற்காகத்தான். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அவளுக்கு. நூலகத்தில் அவள் மெதுவாகப் பேசியதற்காக இரண்டு முறை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். எட்டு நிமிடம் சும்மா உட்காரும் வேடத்துக்கு அவள் ஒத்துக்கொண்டதே கடைசிப் பேச்சைப் படித்துப் பார்த்த பிறகுதான். இரண்டு மாதம் அதைக் குளியலறையில் உருப்போட்டாள். மாணவியர் விடுதியில் அந்தப் பேச்சு எல்லோருக்கும் மனப்பாடம்.

ஒத்திகை தொடங்கியபோது செலவு மிச்சம் என்று செயலாளர் அட்டையில் அலமாரி செய்யச் சொன்னாள். தங்கையாக நடித்தவள் கேட்கவில்லை.

"எனக்குக் கனமா நடிக்க வராது. கனமா ஒண்ணைக் குடுங்க, தூக்கிக் காட்டறேன்."

அப்படித்தான் விடுதிக் காப்பாளர் அறையில் இருந்த நிஜ அலமாரி வந்து சேர்ந்தது. வாசலுக்கு வெறும் மரச்சட்டம் ஒன்று அடித்தார்கள், அலமாரியைவிட நாலு விரல் குறைவாக. சட்டம் தானாக நிற்காது. பின்னால் ஒருவன் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பத்து நிமிடமும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாடகம் எழுதியவனைச் சும்மா விட்டால் பக்கத்தில் நின்று வசனம் முணுமுணுப்பான் என்று பயந்த செயலாளர் அந்த வேலையை அவன் தலையில் கட்டினாள்.

நேரத்தை அளப்பதில் இந்த முறை அவர்கள் கவனமாக இருந்தார்கள். ஆளில்லாமல் ஒத்திகை பார்த்தால் கணக்கு சரியாக வராது என்று, கணக்குத் துறையின் பதிவு எழுத்தரைத் தினமும் கூட்டிவந்து முன்னால் உட்காரவைத்தார்கள். நல்ல மனிதர், நேரம் தவறாதவர். அவர் சிரித்து அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை. அவர் முன்னால் நாடகம் ஏழு முறை நடந்தது. ஏழு முறையும் ஒன்பது நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி. முழுநீளம் அந்த எண்ணைக் கையெழுத்துப் பிரதியின் தலையில் சிவப்பு மையால் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டான். சிரிக்காத ஒருவரை வைத்துச் சிரிப்பு நாடகத்துக்கு நேரம் பார்த்த முதல் குழு அவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

போட்டியன்று மதியம் அரங்கம் நிறைந்திருந்தது. திரை விலகியது. அண்ணனும் தங்கையும் அலமாரியைத் தூக்கினார்கள், நாலு அடி வைத்தார்கள், சட்டத்தில் மோதினார்கள். அரங்கம் சிரித்தது.

துணிக்குள் நின்றிருந்த முழுநீளத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த இடத்தில் அவன் வசனமே எழுதவில்லை. அடுத்த வரிதான் நகைச்சுவை. மூன்று நாள் யோசித்து எழுதியது. அண்ணன் அதைத் திருத்தமாகச் சொன்னான். அரங்கம் மரியாதையோடு கேட்டுக்கொண்டது. பிறகு தங்கை மூச்சு வாங்கிக்கொண்டு அலமாரியைக் கீழே வைத்தாள். அது அண்ணனின் கால்மேல் இறங்கியது. அவன் கத்தாமல், பேச்சையும் விடாமல், காலை மட்டும் மெதுவாக உருவினான். மறுபடியும் சிரிப்பு. அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சட்டத்துக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது: கால்கள், அம்மாவின் நாற்காலி, தூரத்தில் அரங்கத்தின் பின்சுவர். கண்ணுக்கு வேலை இல்லாததால் காது கூர்மையாயிற்று. ஒவ்வொரு சிரிப்பும் எங்கே விழுகிறது என்று கவனித்தான். அவன் எழுதிய இடத்தில் ஒன்றுகூட விழவில்லை. மூச்சு வாங்கும்போது விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் எதிர்த்திசையில் இழுத்தபோது விழுந்தது. "பின்ன எப்படி இது உள்ள வந்துச்சு?" என்று தங்கை கேட்டதும் அண்ணன் பதில் சொல்லாமல் வாசலையே அண்ணாந்து பார்த்தானே, அந்த மூன்று விநாடிக்கு அரங்கம் கைதட்டியது. அவன் பிரதியில் அந்த இடத்தில் ஒரு புள்ளிதான் இருந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக அவன் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியதால்தான் வினை. ஒவ்வொரு சிரிப்பும் ஐந்து விநாடி, பத்து விநாடி தின்றுகொண்டே வந்தது. அரங்கத்தின் பின்சுவரில் ஒன்பதாவது நிமிட முடிவில் எரியும் சிவப்புப் பல்பு எரிந்தபோது, சண்டையில் அரைப் பக்கமும் அம்மாவின் முழுப் பேச்சும் பாக்கி.

திரைக்கயிறு அவன் கண்முன் வந்து ஆடியது.

அண்ணனாக நடித்தவனும் பல்பைப் பார்த்துவிட்டான். ரசாயனம் படிப்பவன், கொதிப்பதற்கு முன் அடுப்பை அணைக்கத் தெரிந்தவன். அரைப் பக்கத்தை விழுங்கிவிட்டு அலமாரியைப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். வாசல் திறந்தது. திரும்பி நின்று கேட்டான்:

"அம்மாவையே கேட்டுடுவோம். அம்மா, நீ யார்கூட வர்றே?"

நாற்பது விநாடி இருந்தது. பேச்சுக்கு வேண்டியது நூற்றிருபது. முழுநீளத்தால் சட்டத்தை விட முடியாது. விட்டால் வாசல் அண்ணன் தலையில் விழும். துணியை விலக்கி முகத்தை மட்டும் வெளியே நீட்டி, நாற்காலியைப் பார்த்து உதட்டை அசைத்தான். கடைசி வரி. கடைசி வரி மட்டும். "வாசல் சிறியதல்ல மக்களே, உங்கள் மனம்தான் சிறியது" என்பது அந்த வரி. அதையாவது காப்பாற்றிவிட்டால் நாடகம் முடிந்த மாதிரி கணக்காகும்.

மைக் அவனைப் பார்த்தாள். பல்பைப் பார்த்தாள். மகனையும் மகளையும் ஒருமுறை மாற்றி மாற்றிப் பார்த்தாள். மடியில் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

நடந்தாள். அவசரமே இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் தாங்களாகவே விலகினார்கள். அது நடிப்பில்லை, அவர்களுக்கும் என்ன நடக்கிறதென்று தெரியாது. ஒன்பது நிமிடம் எதுவும் நுழையாத அந்த வாசல் வழியாக, தோள்கூடச் சட்டத்தில் படாமல், அவள் வெளியே வந்துவிட்டாள். வந்து இருட்டில் முழுநீளத்தின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மேடையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். தங்கை மெதுவாகக் குனிந்து அலமாரியின் தன் பக்கத்தைப் பிடித்தாள். தூக்கவில்லை. பிடித்துக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரங்கத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. இவ்வளவு நேரம் சிரித்த அதே ஆட்கள்தானா என்று முழுநீளத்துக்குச் சந்தேகம் வந்தது.

விளக்கு அணைந்தது.

செத்தேன் என்று நினைத்தான். கைதட்டல் கேட்ட பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். செயலாளர் ஓடிவந்தாள்; அவளுக்கு முன்னால் விளக்குக்காரர் கையில் நேரங்காட்டியோடு படியேறி வந்துவிட்டார். பத்து நிமிடம் ஆகிவிட்டதா என்று செயலாளர் கேட்டாள்.

"ஆகலைம்மா. ஒன்பது அம்பது."

அப்புறம் ஏன் அணைத்தீர்கள் என்று அவளே மறுபடி கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். குற்றம் செய்து பிடிபட்டவரைப் போலிருந்தது முகம்.

"முடிஞ்சிடுச்சுன்னு தோணுச்சு. கை தானா போயிடுச்சு."

செயலாளர் முழுநீளத்தின் பக்கம் திரும்பினாள். கயிறு இழுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும், அடுத்த வருட நாடகத்தை விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவனும் போயிருப்பான். மைக் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க கிளம்பறே? ரெண்டு மாசம் உருப்போட்டிருக்கேன். யாராவது ஒருத்தர் கேட்டே ஆகணும். உட்காரு."

ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். குரல் திரையைத் தாண்டி அரங்கத்துக்குப் போயிற்று. அடுத்த நாடகத்துக்குக் காத்திருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பத்து மாதம் சுமந்தது, பாலூட்டியது, நிலவைக் காட்டியது எல்லாம் வரிசையாக வந்தன. முழுநீளம் தரையைப் பார்த்தான். பிறகு தன் காலணியைப் பார்த்தான்.

"போதும்டி."

"இன்னும் ஒரு நிமிஷம் இருபது விநாடி இருக்குடா."

"யார்டி எழுதினது இதை?"

அவள் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல, பிரதியில் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தான்.