மயில் அட்டையில் ஏறிய பூனை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1974 ஜனவரியில் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சிக்குப் பரிசு கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு அறிவியலில் என்ன வேலை என்று நானே கேட்டேன். வருவதாக இருந்த இன்ஜினீயருக்குக் காய்ச்சலாம். சிமெண்ட் பூசிய அணைக்கட்டு, சிவப்பு மை கக்கும் எரிமலை என்று பார்த்துக்கொண்டே வந்தவள், ஒன்பதாம் வகுப்பின் வாசலில் நின்றுவிட்டேன்.

உள்ளே ஆளுயரத்துக்கு ஓர் அட்டைக் கோபுரம். அதன் உச்சியில் ஒரு செம்பட்டைப் பூனை. கீழே ஒரு பெண்ணும் அவள் அப்பாவும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குள் என்னை மேடைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். பிறகு அந்த வகுப்பு ஆசிரியை காந்தா கொஞ்சம் சொன்னாள். மீதி நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: 'அந்திப் பூஜையின் மணியோசை கேட்டதும் அம்சவேணியின் இதயம் ஏனோ...'

(அடித்துவிட்டேன். பதினான்கு வயதுப் பெண் பூனையைத் தேடி ஓடுகிறாள். இதயத்தைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை.)

இரண்டாவது: 'காந்தா டீச்சரைப் பார்த்த மாத்திரத்தில் அந்த இளைஞன்...'

(இளைஞன் யாரும் கிடையாது. பதினைந்து வருஷப் பழக்கத்தில் என் பேனா தானாகவே ஒரு மாப்பிள்ளையை அழைத்து வந்துவிடுகிறது. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கம் பாவிலிருந்து. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகளுக்குப் பாவு என்று பெயர். கார்த்திகை மாதத்து ஒரு காலையில், அம்சவேணியின் பூனை (ஜரிகை என்று அதற்குப் பெயர்) அந்தப் பாவின்மேல் ஏறி நகத்தைத் தீட்டியது. முப்பத்தாறு இழை போயிற்று.

அவள் அப்பா கலியாணசுந்தரத்தைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. மனிதர் பூனையை அடிக்கவில்லை. விரல் வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்தார். எழுந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே மகளிடம் சொன்னார்:

"இன்னொரு வாட்டி ஏறிச்சுன்னா சாக்குல கட்டி ஓரிக்கை ஆத்தாண்ட வுட்டுட்டு வந்துடுவேன்மா. அப்புறம் அழுவக் கூடாது."

அவள் அப்போதே அழுதுவிட்டாள்.

3

காந்தா டீச்சர் அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். கண்காட்சிக்கு எல்லா வகுப்பும் புத்தகத்தில் இருக்கும் பாலத்தையே கட்டி வைக்கிறதே என்று அவளுக்குச் சலிப்பு. ஒரு நாள் கரும்பலகையில் ஒரே வரி எழுதினாள்: பூனை ஏறி விளையாட அட்டையில் ஒரு கட்டடம்.

வகுப்பு சிரித்தது. ஏன் பூனை என்று ஒருத்தி கேட்டாள். காந்தா சொன்ன பதிலை என் கற்பனையில் இதைவிட நன்றாக எழுத முடியாது என்பதால் அப்படியே தருகிறேன்:

"பாலம் நல்லா இருக்குன்னு நான் பொய் சொல்லலாம். பூனை சொல்லாது. பிடிக்கலைன்னா ஏறாது. மார்க் போட நான் எதுக்கு?"

அம்சவேணி மட்டும் சிரிக்கவில்லை. பூனைக்கு ஏறத்தானே வேண்டும், ஏற வேறோர் இடம் இருந்தால் பாவை ஏன் தேடப் போகிறது என்று அவளுக்குப் பட்டது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டாள். அவர் யோசித்து, கண்காட்சி வரைக்கும் தவணை கொடுத்தார். பூனை அதில் ஏறி நகம் தீட்டுவதைத் தன் கண்ணால் பார்த்தால், கோபுரத்தை வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொள்ளலாம், பூனையும் இருக்கலாம். அதுவரை தறி ஓடும் நேரத்தில் அது வீட்டில் இருக்கக் கூடாது. ஆகவே ஜரிகை தினமும் கூடையில் பள்ளிக்கூடம் வந்தது. வருகைப் பதிவேட்டில்தான் பெயர் இல்லை.

4

அம்சவேணியின் கூட்டாளி பெரியநாயகி. ஏனாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், குடியானவர் வீட்டுப் பெண். "உங்க வூட்டுப் பூனைக்கு மூணு மாடியாடி? எங்க வூட்ல எங்களுக்கே கூரைதான்" என்று சொல்லிக்கொண்டே சோப்புப் பெட்டிகளைச் சுமந்து வந்தாள்.

முதல் கோபுரம் பூனை தாவியதும் சாய்ந்தது. பூனையை மளிகைக் கடைத் தராசில் நிறுத்தார்கள், மூன்றேகால் கிலோ. அந்த எடைக்குச் செங்கல்லை வைத்துப் பார்த்தபோது இரண்டாவது கோபுரம் நின்றது. பூனை வந்தபோது விழுந்தது. செங்கல் தாவாது என்று பெரியநாயகி நோட்டில் எழுதிக்கொண்டாள். (அந்த நோட்டை நான் பார்த்தேன். பரிசை அந்த வரிக்கே கொடுத்திருக்கலாம்.) மூன்றாவது நன்றாக நின்றது, ஆனால் பூனை ஏறவில்லை. வழவழப்பான அட்டையில் நகம் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அம்சவேணிக்கு ஜக்கார்டு அட்டை நினைவு வந்தது.

[இங்கே ஓர் அடிக்குறிப்பு வேண்டும், அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை, இங்கேயே சொல்கிறேன். பார்டரில் வரும் உருவத்துக்கு ஏற்பத் துளையிட்ட கெட்டியான அட்டைகள் தறிக்கு மேலே வரிசையாகச் சுற்றி வரும். துளை இருக்கும் இடத்தில் இழை மேலே எழும், இல்லாத இடத்தில் எழாது. ஓர் அட்டை வரிசை மாறினாலும் உருவம் கெட்டுவிடும். எனக்கு இதை மூன்று முறை விளக்கினார்கள். இரண்டாவது முறையே புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டேன்.]

துளையில் நகம் மாட்டும். அடுக்கிக் கோத்து மடித்தால் எடை தாங்கும். வீட்டுப் பரணில் ஒரு கட்டு இருந்தது. மேல் அட்டையில் மஞ்சள், குங்குமம். புது அட்டையைத் தறியில் ஏற்றும் நாளில்தான் அவர்கள் வீட்டில் மஞ்சள் வைப்பார்கள். மஞ்சள் இருந்தால் அது தறியில் ஓடி இறங்கிய பழசு. நெசவுக்காரர் வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைப்பாள். எடுத்துக்கொண்டாள்.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அட்டைகள். நான்கு நாள் உட்கார்ந்து கோத்தாள். நடுத்தூண் முழுக்க அதுதான், விசிறிபோல மடித்து நிமிர்த்தியது. கூடையைத் திறந்ததும் ஜரிகை தூணைச் சுற்றி வந்தது, முகர்ந்தது, முன்னங்கால் இரண்டையும் துளைகளில் மாட்டி நீளமாக உடம்பை இழுத்துவிட்டது. பிறகு ஒரே மூச்சில் உச்சிக்குப் போய் உட்கார்ந்து கீழே இருந்த முப்பத்தெட்டுப் பெண்களையும் பார்த்தது. யாரும் கை தட்டவில்லை. தட்டினால் இறங்கிவிடுமோ என்று பயம்.

பெரிய கட்டடங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இதைப் போல ஒன்றை நான் வியந்ததில்லை.

5

கண்காட்சியன்று கலியாணசுந்தரம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பூனை நகம் தீட்டியது. ஏறியது. அவர் முகம் மலர்ந்தது. "பரவால்லியே" என்று தூணைத் தட்டிக் கொடுக்கப் போனவரின் கை துளைகளின்மேல் நின்றது. விரலால் நாலைந்து வரிசை தடவினார்.

"மயிலு அட்டையாச்சே இது."

அம்சவேணிக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணம், மாசி முகூர்த்தம். கூறைப்புடவையில் மயில் பார்டர் இருந்தால்தான் கட்டுவேன் என்று மணப்பெண் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை தறியில் அட்டை ஏற வேண்டும். புதிதாகக் குத்தித் தரக் கேட்டால் ஒரு மாதம் ஆகும்.

"மஞ்சள் இருந்துச்சேப்பா. ஓடி முடிஞ்சதுன்னு நெனச்சுக்கினேன்."

"ஆயுத பூஜையன்னிக்கி நான்தாம்மா வெச்சேன். நல்ல நாளாச்சேன்னு, ஏத்தறதுக்கு முன்னாடியே."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் குனிந்து, தூணின் அடியிலிருந்து அட்டைகளை எண்ணிக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று. நாற்பதில் நின்றார். எண்பதில் மறுபடி நின்றார். ஒன்றுகூட இடம் மாறவில்லை. அப்படியே அவிழ்த்து எடுத்துப் போய்த் தறியில் மாட்டலாம். மாட்டினால் மயில் வரும்.

"பூனைக்கு வரிசை எதுக்கும்மா? கலைச்சுப் போட்டுக் கோத்திருந்தா எனக்கு இது உதவியே இருக்காதே, பூனைக்கே வுட்டுட்டுப் போயிருப்பேன்."

"கலைச்சுக் கோக்கக் கை வரலப்பா."

அவர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றார். அவள் தரையைப் பார்த்தாள். நான் வாசலில் பார்த்தது அந்த நிமிஷத்தைத்தான்.

6

முடிவு ஒன்று: அட்டையை எடுக்கிறார். நடுத்தூண் போனால் கோபுரம் இல்லை. ஜரிகை மறுபடி பாவில் ஏறுகிறது. சாக்கு, ஓரிக்கை, ஆற்று மணல். (எழுதினேன். சரியாகத்தான் இருக்கிறது. சொன்ன சொல்லுக்கு மயில் நெய்து கொடுப்பது அவருடைய மானம்.)

முடிவு இரண்டு: அட்டையை விட்டுவிட்டு வாலாஜாபாத்துக்குப் போய், கையில் இருக்கும் ருத்திராட்சப் பார்டரையே போட்டுத் தருகிறேன் என்று தலைகுனிந்து நிற்கிறார். (இதையும் எழுதினேன். இதுவும் அவர்தான்.)

முடிவு மூன்று: மணப்பெண்ணே பள்ளிக்கூடத்துக்கு வந்து, பூனையைப் பார்த்து மனம் உருகி, கூட வந்த மாப்பிள்ளையை நிமிர்ந்து...

(இல்லை. இவரை ஏற்கனவே ஒருமுறை திருப்பி அனுப்பினோம்.)

நடந்தது காந்தாவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்றேன். எது நடந்திருந்தாலும் நான் அதை இனிப்பாக்கிவிடுவேன். என் கை எனக்குத் தெரியும்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். அந்த மாசியில் உங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் யாராவது இருந்தால், அவள் கூறைப்புடவையை ஒருமுறை பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கரையில் மயில் இருந்தால் அதைக் கொஞ்சம் தடவிக் கொடுங்கள். ஒரு பெண் தன் பூனைக்குக் கட்டிய தூணில் வரிசை பிசகாமல் இருந்தது அது. ருத்திராட்சம் இருந்து, மயில் கேட்டேன், நெசவுக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவள் இன்னும் குறைப்பட்டுக்கொண்டால், ஏமாற்றவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அவள் மயில் காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. அதன்மேல் மூன்றேகால் கிலோவில் ஒன்று தூங்குகிறது.