நாடி பார்த்த காலை

1646-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து ஒல்லாந்தர் எனப்பட்ட டச்சுக்காரர்கள் அடிமைகளை ஜாவாத் தீவின் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

அந்த ஆனி மாதம் அவர்களுடைய பழவேற்காட்டுக் கோட்டைக்கு வடக்கே, பனைமர வேலி போட்ட அடைப்புக்குள் குப்பம்மாள் இருந்தாள். ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைத்தவள். மழை பொய்த்து, ஏரி வற்றி உப்பேறி, இறால் செத்தது. அடைப்பில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு உள்ளே போனாள். கஞ்சி ஊற்றியது உண்மைதான். போனவர்களால் வெளியே வர முடியவில்லை. அவள் புருஷன் முனியன் அங்கே தண்ணீர் சுமக்கும் வேலையைக் கெஞ்சி வாங்கிக்கொண்டான். அவளைப் பார்க்க அவனுக்கு வேறு வழி இல்லை.

காவல்காரன் சம்பந்தம்தான் அந்தச் செய்தியைச் சொன்னான்.

"நாளைக்கு வெள்ளைக்கார வைத்தியன் வர்றான். பல்லைப் பாப்பான், கண்ணைப் பாப்பான், மாருல கை வெப்பான். சொத்தை மீனை எவனாவது கூடையில போடுவானா? வெளியே தள்ளிடுவான்."

குப்பம்மாளுக்குச் சொத்தை நெஞ்சில் இருந்தது. சிறுமியாக இருந்தபோதிலிருந்தே அவள் நெஞ்சு சில வேளைகளில் காரணமின்றி வெறிபிடித்தாற்போல் அடிக்கும். அவள் அக்கா அதிலேயே ஏரிக்கரையில் விழுந்து செத்தாள். யாரும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறால் தடவும் குடிகளுக்கு இதற்கு ஒரு வைத்தியம் தெரியும்: மூச்சை அடக்கி, முகத்தைக் குளிர்ந்த நீரில் முக்க வேண்டும். நெஞ்சு பெரும்பாலும் அடங்கிவிடும். தலையிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் என்ற நரம்பு அப்போது இதயத்தைக் கடிவாளம்போல் இழுத்துப் பிடிக்கிறது. அந்த நரம்புக்கு இதயத்தை அடக்கும் வேலை உண்டு என்று ஐரோப்பிய மருத்துவர்கள் நிரூபிக்க இன்னும் இருநூறு ஆண்டுகள் இருந்தன.

அன்று பிற்பகல் வேலி இடுக்கில் முனியன் சொன்னான்: "நாளைக்கு அது வரணும்மே."

"கூப்ட்டா வர்றதுக்கு அது இன்னா உன் தங்கச்சியா?"

"குனிஞ்சு குனிஞ்சு நிமிரு. போன மாசம் அப்பிடித்தானே வந்துது?"

"வந்தா நீ கிட்டவே வராதே. மூஞ்சியத் தண்ணியில முக்கிடாதே. அவன் கை வெக்கிற வரிக்கும் நெஞ்சு அடிச்சிக்கினே இருக்கணும்."

"வரமாட்டேன்."

மறுநாள் காலையில் வைத்தியன்முன் வரிசை நின்றது. குப்பம்மாள் குனிந்து நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். வெயில் ஏறும்போது அது வந்தது. கழுத்து நாடி துள்ளுவது முனியனுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அவளுக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். வைத்தியன் அவசரப்படவில்லை.

ஐந்து பேர் மிச்சம் இருக்கையில் அவள் உதடு வெளுத்தது. முன்னால் நின்றவளின் தோளைப் பிடித்தாள், பிடி நழுவி உட்கார்ந்தாள்.

"இன்னாமே, வெயிலு தாங்கலியா?" என்றான் சம்பந்தம். "கப்பல்ல பாய் நெழலு இருக்குது. அது வரிக்கும் பொறுத்துக்கோ."

அவள் கண் மேலே செருகியது. முனியன் அவள் அக்காவின் பிணத்தைத் தூக்கியவன். குடத்தோடு ஓடினான். கல்யாணமான நாளிலிருந்து செய்து பழகியதை அவன் கைகள் செய்தன. பிடரியைப் பிடித்து அவள் முகத்தைக் குடத்து நீரில் முக்கினான். இருபது எண்ணும் நேரம் ஆயிற்று. அவன் கையை எடுத்தபோது கழுத்து நாடியின் துள்ளல் அடங்கியிருந்தது.

முகத்தில் நீர் வழிய அவள் அவனைப் பார்த்தாள்.

"பாவி, இன்னா பண்ணிட்டே?"

"செத்துடுவியோன்னு..."

"செத்துட்டுப் போறேன். இங்கியே செத்திருப்பேனே."

அவள் எழுந்து மறுபடி குனிய ஆரம்பித்தாள். இரண்டு தடவைக்குமேல் முடியவில்லை. சம்பந்தம் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் வைத்தியன்முன் நிறுத்தினான். வைத்தியன் அவள் மார்பில் உள்ளங்கையை வைத்தான்.

"சாமி, அவளுக்கு நெஞ்சு நோவு இருக்குது. அவ அக்காவும் அதுலதான் செத்தா," என்று முனியன் கத்தினான்.

துபாஷி அதை மொழிபெயர்த்தான். வைத்தியன் நேர்மையானவன். மறுபடி கை வைத்து, முன்னைவிட நெடுநேரம் பார்த்தான். துடிப்பு சீராக இருந்தது. ஏற்றலாம் என்று தலையாட்டினான். அவள் தோளில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

"அப்ப என்னையும் ஏத்திக்கோ," என்றான் முனியன்.

வைத்தியன் அவன் இடது கண்ணைப் பார்த்தான். பூ விழுந்திருந்தது. வேண்டாம் என்று கைகாட்டினான்.

மூன்றாம் நாள் காலை படகுகள் முகத்துவாரம் தாண்டிக் கப்பலுக்குப் போயின. குப்பம்மாள் இரண்டாவது படகில் இருந்தாள்.