தாடிக்காரர் அடித்த ஹாரன்

ரஷ்யாவிலிருந்து மரக்கட்டை ஏற்றி எல்லை தாண்டிச் சீனாவுக்குள் வரும் சரக்கு ரயில்களை, மான்ஜோலி மேட்டில் நின்று பல குளிர்காலமாகப் படம் எடுக்கிறவர் ஷாவ் லின். ஒரு ஓட்டுநராவது அவரைப் பார்த்து ஹாரன் அடித்ததில்லை. ரயில் படம் எடுக்கிறவர்களுக்கு அந்த ஹாரனைவிடப் பெரிய மரியாதை கிடையாது. போன வருஷம் கேமரா வாங்கிய தியான் ருயிக்கு மட்டும் அது தினமும் கிடைத்தது. தாடிக்கார ரஷ்ய ஓட்டுநர் ஒருவர் கையும் ஆட்டுவார். ஷாவுக்கு வயிறு எரிந்தது.

"என்னடா சொக்குப்பொடி போட்ட?"

"நான் சிரிக்கிறேன் அண்ணே. நீங்க கடன்காரனப் பாக்குற மாதிரி மொறைக்கிறீங்க," என்றான் ருயி, சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி.

இன்று விடுவதில்லை என்று ஷாவ் மேட்டை விட்டு இறங்கி, ருயிக்கு முன்னால், வளைவில் போய் நின்றார். தாடிக்காரரின் இஞ்சின் வந்தது. ஷாவ் சிரித்தார். குளிரில் உதடு வெடித்ததுதான் மிச்சம். ஆத்திரத்தில் கழுத்து மஃப்ளரை உருவித் தலைக்கு மேல் சுழற்றினார்.

மஃப்ளர் சிவப்பு. தண்டவாளத்தருகே சிவப்பை ஆட்டினால் ரயிலை நிறுத்து என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லி மிரட்டுவதே ஷாவ்தான்.

நீளமாக ஹாரன் அலறியது. சரக்குப் பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. தாடிக்காரர் எட்டிப் பார்த்துத் திட்டினார். ரஷ்ய மொழி புரியாதது நல்லதாய்ப் போயிற்று.

ருயி ஓடிவந்து கேமராவைக் காட்டினான். பறக்கும் பனித்தூள், உறைந்து நிற்கும் ரயில், நடுவில் சிவப்பு மஃப்ளரோடு ஷாவ். அந்த மேட்டில் இப்படியொரு படத்தை யாரும் எடுத்ததில்லை. அவமானத்தையும் மறந்து, இதை நான் எடுக்கவில்லையே என்று ஷாவ் பொருமினார்.

எல்லைக் காவலர்கள் நெருங்கினார்கள். "இதப் பாத்தா உங்கள இந்தப் பக்கமே விட மாட்டாங்க," என்று ருயி படத்தை அழித்துவிட்டான்.

"அடப்பாவி! ஏண்டா அழிச்ச?"

"நீங்க இல்லாம நான் யாரோட வம்பளக்குறது?"

மஃப்ளர் காற்றில் பறந்ததாகவும், ஷாவ் அதைப் பிடிக்கப்போனதாகவும் காவலர்களிடம் ருயி கூசாமல் சொன்னான். அவர்கள் ஷாவை நன்றாகத் திட்டிய பிறகே விட்டார்கள்.

இவனுக்கு மனசும் என்னைவிடப் பெரிதா என்று ஷாவ் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கையில் ரயில் நகர்ந்தது. தாடிக்காரர் ஷாவைப் பார்த்து முஷ்டியைக் காட்டினார். பிறகு ருயியைப் பார்த்து, சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்தார்.